மேவனில் ஒரு புரொஃபைலைக் கூப்பிட்டால் இன்னொன்று ஏன் காணாமல் போகிறது?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம். முழுவதையும் படித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: மேவன் என்பது ஜாவா ப்ராஜெக்டைக் கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, தொகுப்பாக்கித் தரும் கருவி. அதற்கான குறிப்புகள் இருக்கும் ஃபைல்தான் பாம். புரொஃபைல் என்பது தேவைப்படும்போது மட்டும் அந்த பாமில் சேரும் ஒரு பகுதி; டெவ் என்றால் டெவலப்மென்ட், ப்ராட் என்றால் ப்ரொடக்ஷன். ஷ்யூர்ஃபயர் டெஸ்ட்டை ஓட்டும் ப்ளக்இன், ஜகோகோ அந்த டெஸ்ட்டுகள் எவ்வளவு கோடைத் தொட்டன என்ற கவரேஜை அளக்கும் ப்ளக்இன். நண்பர் எழுதியிருக்கிறார்:

"எங்கள் பாம் ஃபைலில் டெவ், ப்ராட் என்று இரண்டு புரொஃபைல்கள். டேட்டாபேஸ் முகவரி அந்தப் புரொஃபைல்களுக்குள்தான் இருக்கிறது. டெவ்வுக்கு ஆக்டிவ் பை டிஃபால்ட் ட்ரூ என்று போட்டிருக்கிறோம். இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. போன வாரம் கவரேஜ் என்று மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன். அதில் ஜகோகோ ப்ளக்இன்னும், ஷ்யூர்ஃபயர் ப்ளக்இன்னுக்குச் சில செட்டிங்குகளும். இப்போது கவரேஜ் கொடுத்து ஓட்டினால் டேட்டாபேஸ் முகவரி காணோம், டெஸ்ட் எல்லாம் இரண்டு தடவை ஓடுகிறது, அவ்வளவு ஓடியும் கவரேஜ் ரிப்போர்ட் வரவில்லை. புரொஃபைல்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றனவா?"

சண்டை எல்லாம் இல்லை. மூன்றுமே மேவன் ஒழுங்காக வேலை செய்வதால் வருகிற தொல்லைகள். ஆனால் எந்த நேரத்தில் எது நடக்கிறது என்று தெரியாவிட்டால் பேய் பிடித்த மாதிரிதான் இருக்கும்.

புரொஃபைலைப் பலரும் ஒரு சுவிட்ச் மாதிரி நினைக்கிறார்கள். எனக்கு அது ஒட்டுத்துணி மாதிரி. பாம் ஃபைல்தான் சட்டை. புரொஃபைல் அதன்மேல் வைத்துத் தைக்கிற துண்டு. இந்தத் தையல் எப்போது நடக்கிறது என்பதுதான் முக்கியம். கம்பைல், டெஸ்ட் என்று ஒரு ப்ளக்இன்கூட ஓடத் தொடங்கும் முன்பே தையல் முடிந்துவிடும். ஒட்டிய பிறகு மேவன் கையில் இருப்பது ஒரே சட்டைதான். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அதற்கு அப்புறம் ப்ளக்இன்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சரி, முதல் தொல்லை. டேட்டாபேஸ் முகவரி.

ஆக்டிவ் பை டிஃபால்ட் என்ற பெயரைப் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? "நான் அணைக்கச் சொல்லும்வரை இது எரிந்துகொண்டே இருக்கும்" என்றுதானே? மேவன் அந்த அர்த்தத்தில் வைக்கவில்லை. "இந்த பாமில் வேறு எந்தப் புரொஃபைலும் எழுந்துகொள்ளாவிட்டால் மட்டும் இதை எடுத்துக்கொள்" என்பதுதான் அதன் பொருள். வீட்டில் யாரும் சமைக்காத அன்றைக்கு மட்டும் கடையில் வாங்குவது மாதிரி. நீங்கள் கட்டளையில், புரொஃபைலைக் கூப்பிடுகிற மைனஸ் பெரிய பி போட்டு கவரேஜ் என்று அடித்த நொடியில், அதே பாமில் ஒரு புரொஃபைல் எழுந்துவிட்டது. டெவ் தானாகப் படுத்துவிட்டது. அதோடு முகவரியும் போய்விட்டது. இரண்டு வருடமாக ஏன் தெரியவில்லை என்றால், அதுவரை உங்களிடம் இருந்தது இரண்டே புரொஃபைல்கள். ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும் என்பதுதான் உங்கள் தேவையும். மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் விதி கண்ணில் பட்டது.

உறுதி செய்துகொள்ள டார்கெட் ஃபோல்டருக்குள் கிளாசஸ் ஃபோல்டரைத் திறந்து, அங்கே இருக்கிற ப்ராப்பர்ட்டிஸ் ஃபைலைப் பாருங்கள். முகவரி வர வேண்டிய இடம் காலியாக இருக்காது. நீங்கள் சோர்ஸில் எழுதிவைத்த டாலர் குறியும் நெளி அடைப்புமே அப்படியே உட்கார்ந்திருக்கும். ரிசோர்ஸ் ஃபில்டரிங், அதாவது இந்தக் குறிகளின் இடத்தில் மதிப்பை நிரப்பும் வேலை, செய்யும்போது மதிப்பு கிடைக்காவிட்டால் மேவன் கத்தாது, தொடாமல் விட்டுவிடும். அப்ளிகேஷன் கிளம்பும்போதுதான் அடி விழும்.

இதற்குத் தீர்வாக, கட்டளையில் கவரேஜோடு கமா போட்டு டெவ்வையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் டீமில் பத்து பேர் இருந்தால் பத்து பேரும் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். நான் செய்வது இதைவிடச் சுலபம். டெவ் புரொஃபைலையே தூக்கிவிடுவேன். அதிலிருக்கும் மதிப்புகளை பாமின் பொதுவான ப்ராப்பர்ட்டிஸ் பகுதிக்குக் கொண்டுவந்துவிடுவேன். ப்ராட் புரொஃபைல் எழுந்தால் அதன் மதிப்பு மேலே வந்து உட்காரும், எழாவிட்டால் பொதுவான மதிப்பு இருக்கும். எப்போதும் இருக்க வேண்டிய ஒன்றைப் புரொஃபைலுக்குள் வைப்பதே தேவையில்லாத வேலை.

டெவ்வில் ப்ராப்பர்ட்டி மட்டுமல்ல, ப்ளக்இன், டிபெண்டன்சி எல்லாம் இருக்கிறது, தூக்க முடியாது என்றால் இன்னொரு வழி உண்டு. ஆக்டிவ் பை டிஃபால்ட்டை அழித்துவிட்டு, ஆக்டிவேஷனில் ப்ராப்பர்ட்டி என்று போட்டு, அதன் நேமில் ஆச்சரியக்குறி, ஒட்டினாற்போல் என்வி என்று எழுதுங்கள். என்வி என்ற ப்ராப்பர்ட்டி கொடுக்கப்படாவிட்டால் இது எழும் என்று அர்த்தம். ப்ராட்டுக்கு, என்வியின் மதிப்பு ப்ராட் என்றால் எழு என்று வையுங்கள். இப்போது கவரேஜைக் கூப்பிட்டாலும் டெவ் எழுந்தே இருக்கும்.

இதே ஆச்சரியக்குறியைக் கட்டளையில் ஒரு புரொஃபைலை அணைக்கவும் பயன்படுத்தலாம், ஆனால் பாஷ் ஷெல்லில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. பழைய கட்டளையைத் தேடப் போய் திட்டிவிட்டு நிற்கும். ஆச்சரியக்குறிக்குப் பதிலாக மைனஸ் போட்டாலும் மேவனுக்குப் புரியும். நான் எப்போதும் மைனஸ்தான்.

மல்டி மாட்யூல் ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "இந்த பாமில்" என்று சொன்னேன் அல்லவா, அதைக் கவனியுங்கள். விதி ஒவ்வொரு பாமுக்கும் தனித்தனி. தாய் பாமில் இருக்கிற புரொஃபைல் பிள்ளைக்கு வராது. தாயில் தையல் முடிந்து, அதன் பலன் மட்டும்தான் பிள்ளைக்கு இறங்கும். கவரேஜ் பிள்ளையில் மட்டும் இருந்தால், தாயின் டெவ் அப்படியே எழுந்தே இருக்கும். ஒரு மாட்யூலில் முகவரி வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, டெஸ்ட் இரண்டு தடவை ஓடுவது. இதற்கு லாகையே படித்தால் போதும். மேவன் ஒரு ப்ளக்இன்னை ஓட்டும் முன் மூன்று சிறு கோடுகள் போட்டு ஒரு வரி எழுதும். ப்ளக்இன் பெயர், வெர்ஷன், கோல் (அந்த ப்ளக்இன் செய்யப்போகிற வேலை), அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர். பெரும்பாலானோர் அந்த அடைப்புக்குறியைப் பார்ப்பதே இல்லை. அதுதான் எக்ஸிக்யூஷன் ஐடி, அந்த ஓட்டத்தின் பெயர். உங்கள் லாகில் ஷ்யூர்ஃபயர் வரி இரண்டு முறை வந்திருக்கும். ஒன்றில் டிஃபால்ட் ஹைஃபன் டெஸ்ட் என்று இருக்கும். இன்னொன்றில் நீங்கள் கவரேஜ் புரொஃபைலில் எழுதிய ஐடி இருக்கும். எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் வெறும் டிஃபால்ட் என்று இருக்கும்.

ஜார் பேக்கேஜிங், அதாவது முடிவில் ஜார் என்ற ஜாவா தொகுப்பு வருகிற ப்ராஜெக்ட், என்றால் கம்பைல், டெஸ்ட், ஜார் போன்ற கோல்களை நாம் எதுவும் எழுதாமலேயே மேவன் கட்டிவைத்திருக்கிறது. அவற்றுக்கு அதுவே பெயரும் வைத்திருக்கிறது: டிஃபால்ட் ஹைஃபன் கம்பைல், டிஃபால்ட் ஹைஃபன் டெஸ்ட் என்று. தையல் நடக்கும்போது மேவன் ஐடியைத்தான் பார்க்கும். ஐடி ஒன்றாக இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கும். ஐடி வேறாக இருந்தால் அது வேறு வேலை என்று எடுத்துக்கொண்டு, பழையதை விட்டுவைத்துப் புதியதையும் சேர்க்கும். வெறும் டிஃபால்ட்டும் டிஃபால்ட் ஹைஃபன் டெஸ்ட்டும் அதற்கு இரண்டு ஆட்கள். நீங்கள் செட்டிங்கை மாற்றத்தான் நினைத்தீர்கள், ஆனால் எழுதியது இரண்டாவது ஓட்டம்.

செட்டிங் மட்டும்தான் மாற வேண்டும் என்றால் எக்ஸிக்யூஷன்ஸ் டேக்கே வேண்டாம். ப்ளக்இன்னுக்கு நேர் கீழே கான்ஃபிகரேஷன் போடுங்கள், எல்லா ஓட்டத்துக்கும் பொருந்தும். இல்லை, அந்த ஓட்டத்துக்கு மட்டும் என்றால் ஐடியை எழுத்துப் பிசகாமல் டிஃபால்ட் ஹைஃபன் டெஸ்ட் என்றே வையுங்கள். ப்ளக்இன் மேனேஜ்மென்ட்டில் போடலாமா என்று உடனே கேட்பீர்கள். ஷ்யூர்ஃபயருக்குப் போடலாம், அது ஏற்கனவே ஓடுகிற ப்ளக்இன். ஜகோகோவை அங்கே மட்டும் போட்டால் ஒன்றும் நடக்காது. அந்தப் பகுதி "வந்தால் இப்படி வா" என்று சொல்லும், "வா" என்று கூப்பிடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ரிப்போர்ட் வரவில்லை. லாகில், எக்ஸிக்யூஷன் டேட்டா ஃபைல் இல்லாததால் ஜகோகோ வேலையைத் தவிர்த்துவிட்டது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நான் பந்தயம் கட்டுவேன், ஷ்யூர்ஃபயர் கான்ஃபிகரேஷனில் ஆர்க்லைன் என்று, டெஸ்ட் ஓடும் ஜாவாவுக்கு ஆப்ஷன்கள் கொடுக்கிற ஒரு டேக் போட்டு, மெமரி அளவு மாதிரி ஏதோ எழுதியிருப்பீர்கள்.

ஜகோகோவின் ப்ரிப்பேர் ஏஜென்ட் கோல் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். தன் ஏஜென்ட்டை, அதாவது டெஸ்ட் ஓடும்போது கூட இருந்து கவரேஜை அளக்கும் துணுக்கை, எப்படி ஏற்ற வேண்டும் என்ற வரியை ஆர்க்லைன் என்ற ப்ராப்பர்ட்டியில் எழுதிவைத்துவிட்டுப் போகும். ஷ்யூர்ஃபயர் டெஸ்ட்டுக்காகத் தனி ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) கிளப்பும்போது அந்த ப்ராப்பர்ட்டியை எடுத்துக்கொள்ளும். ஆனால் பாமிலேயே நீங்கள் ஆர்க்லைன் டேக்குக்கு மதிப்பு எழுதிவிட்டால், ப்ளக்இன் அதைத்தான் எடுக்கும், ப்ராப்பர்ட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜகோகோ எழுதிவைத்த சீட்டு குப்பைக்கு. கட்டளையில் ஸ்கிப் டெஸ்ட்ஸ் ஃபால்ஸ் என்று எத்தனை முறை கொடுத்தாலும் டெஸ்ட் ஓட மறுப்பதும் இதே காரணம்தான். யாரோ பாமின் கான்ஃபிகரேஷனில் ட்ரூ என்று நேராக எழுதிவைத்திருப்பார்கள்.

சரி, டாலர் நெளி அடைப்புக்குள் ஆர்க்லைன் என்று எழுதி, பக்கத்தில் என் மெமரி அளவையும் வைத்தால்? அதை நம்ப முடியாது. பாமில் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தால், டாலர் போட்டது தையல் நேரத்திலேயே நிரப்பப்பட்டுவிடும். அந்த நேரத்தில் ஜகோகோ இன்னும் ஓடவே இல்லை. அதனால்தான் ஷ்யூர்ஃபயரில் டாலருக்குப் பதிலாக அட் குறி போடும் வசதியைக் கொடுத்தார்கள். அட், நெளி அடைப்பு, ஆர்க்லைன். இதை ஷ்யூர்ஃபயர் தன் முறை வரும்போதுதான் நிரப்பும். அதற்குள் ஜகோகோ எழுதி முடித்திருக்கும்.

ஒரு ஜாக்கிரதை. இந்த அட் குறி கவரேஜ் புரொஃபைலுக்கு வெளியே, பொதுவான பாமில் இருந்தால், கவரேஜ் இல்லாமல் ஓட்டும் நாளில் நிரப்ப ஆள் இருக்காது. அந்த எழுத்துகளே அப்படியே ஜேவிஎம்முக்குப் போய், அது கிளம்பவே மறுக்கும். பொதுவான ப்ராப்பர்ட்டிஸ் பகுதியில் ஆர்க்லைன் என்று ஒரு காலி டேக் போட்டுவிடுங்கள், போதும்.

இதையெல்லாம் ஊகிக்காமல் நேரில் பார்க்கவும் வழி இருக்கிறது. ஹெல்ப் ப்ளக்இன்னில் எஃபெக்டிவ் பாம் என்ற கோல், தைத்து முடித்த சட்டையை அப்படியே காட்டும். கவரேஜ் கொடுத்து ஒருமுறை, கொடுக்காமல் ஒருமுறை ஓட்டி, அவுட்புட் ப்ராப்பர்ட்டியில் ஃபைல் பெயர் கொடுத்து இரண்டு ஃபைல்களாக எடுத்துக்கொள்ளுங்கள். டிஃப் போட்டுப் பாருங்கள். முகவரி காணாமல் போன வரியும், கூடுதலாக முளைத்த எக்ஸிக்யூஷனும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். எந்தப் புரொஃபைல் எழுந்திருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஆக்டிவ் ப்ரொஃபைல்ஸ் கோல் போதும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ரிலீஸ் அன்று ப்ராட் என்று அடிப்பதற்குப் பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். பில்ட் சக்ஸஸ். ஜாரை ஏற்றினோம். சர்வர் டேட்டாபேஸைத் தேடி லோக்கல்ஹோஸ்ட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. லாகைத் திரும்பப் பார்த்தால் கடைசி வரியில், சக்ஸஸுக்கும் கீழே, இந்தப் பெயரில் புரொஃபைல் இல்லை என்று ஒரு வார்னிங். மேவன் 3 அவ்வளவுதான் சொல்லும். அப்படி ஒரு புரொஃபைலே இல்லாததால் எதுவும் எழவில்லை, அதனால் டிஃபால்ட்டாக டெவ் எழுந்துவிட்டது. மேவன் 4 தொடரில் இதை எரராகவே மாற்றிவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு சர்வர் முகவரியை ஜாருக்குள் வைப்பதையே விட்டுவிட்டேன். ஒரே ஜார், முகவரி வெளியே என்விரான்மென்ட் வேரியபிளில். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர்கள் ஸ்பிரிங் புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்கும் மேவன் புரொஃபைலுக்கும் சம்பந்தமில்லை. அது ஜார் ஓடும்போது தேர்ந்தெடுப்பது, இது ஜார் பிறக்கும் முன்பே முடிந்துபோவது. கவரேஜ் மாதிரி பில்ட்டின் வேலையையே மாற்றுகிற விஷயத்துக்கு மேவன் புரொஃபைல் சரியான இடம், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் ரிப்போர்ட் வராவிட்டால் அந்த இரண்டு எஃபெக்டிவ் பாம் ஃபைல்களையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். புரொஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும் அந்த ஃபைலில் பச்சையாக வந்திருக்கும். அதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.