நூறு ரூபாயில் எட்டுக் காசு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பேருந்துக்காக நின்றிருந்தேன். நல்ல மழை. நிழற்குடைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் ஒண்டிக்கொண்டு நின்றோம். மேலே பெயர்ப்பலகை. ‘நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி’ என்று பெரிய எழுத்தில், அதற்குக் கீழே ஆண்டு, மதிப்பீடு, உறுப்பினர் பெயர். பக்கத்தில் நின்ற பெரியவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அஞ்சு வருஷத்துல இந்த ஆளு நமக்குச் செஞ்சது இது ஒண்ணுதான்” என்றார். கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மா, “இதையாவது செஞ்சாரே ஐயா” என்றார்.

குறை சொன்னவரும் சரி, பரிந்து பேசியவரும் சரி, உறுப்பினரை அளக்கக் கையில் எடுத்த அளவுகோல் ஒன்றுதான். அந்த நிழற்குடை. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து வந்துவிட்டது. சொல்ல நினைத்ததை இன்றைக்கு இங்கே சொல்கிறேன்.

நான் அரசுக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் முதலில் ஒரு சின்னக் கணக்கு. தொகுதி மேம்பாட்டு நிதி 1993இல் தொடங்கிய திட்டம். இப்போது ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். மக்களவையில் 543 பேர், மாநிலங்களவையில் 245 பேர், ஆக 788 பேர். ஐந்தால் பெருக்கினால் 3,940 கோடி. பெரிய தொகைதான். ஆனால் 2025-26ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு எவ்வளவு தெரியுமா? 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. வகுத்துப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு எட்டுக் காசு கூட முழுதாக வரவில்லை.

அந்த எட்டுக் காசைப் பற்றித்தான் நாம் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறோம். ஹைமாஸ் விளக்கு போட்டாரா, சமுதாயக் கூடம் கட்டினாரா என்று கேட்கிறோம். மிச்சம் 99 ரூபாய் 92 காசில் பெரும்பகுதிக்கு அனுமதி கொடுப்பது மக்களவைக்கு நாம் அனுப்பும் அதே உறுப்பினர்தான். அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அவரும் அந்தப் பக்கம் போவதில்லை. எனக்குள் பல ஆண்டாகக் கிடக்கும் ஆதங்கம் இது.

அரசியல் சட்டத்தின் 113ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கு வேண்டிய பணத்தை மானியக் கோரிக்கையாக மக்களவையின் முன் வைக்க வேண்டும். அவை அதற்கு இசைவு தரலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. கோரிக்கை வைக்கிற உரிமை அரசாங்கத்துக்கு, கொடுக்கிற உரிமை மக்கள் பிரதிநிதிக்கு. அவர் கொடுத்தால்தான், அரசின் வருவாயும் கடனும் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து அந்தப் பணத்தை எடுக்கலாம். மாநிலங்களவைக்கு இந்த வாக்கு கிடையாது. ஆக, நீங்களும் நானும் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்புகிற அந்த 543 பேரிடம் மட்டும்தான் நாட்டின் கருவூலச் சாவி இருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். அப்போது மதிப்பிட்ட வருவாய் ஏறத்தாழ 171 கோடி, செலவு ஏறத்தாழ 197 கோடி. அன்றைக்கு நூற்றுக்கணக்கான கோடியில் இருந்த புத்தகம் இன்றைக்கு லட்சக்கணக்கான கோடியில் இருக்கிறது. புத்தகம் பெருக்கப் பெருக்க, அதைப் படிப்பதற்கு அவை ஒதுக்கும் நேரமும் கூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு.

நம் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது, இன்று பள்ளிக் கல்வி, நாளை நெடுஞ்சாலை என்று துறை துறையாகச் செய்தியில் கேட்கிறீர்கள். அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு வைப்பார், உறுப்பினர்கள் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்லுவார். அங்கேயும் குறை உண்டு, ஆனாலும் துறையின் பெயராவது காதில் விழுகிறது. மக்களவையில் நூறு மானியக் கோரிக்கைகளுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் விவாதத்துக்கு வருவது ஒரு கைப்பிடி அமைச்சகங்கள்தான். குறித்த நாள் முடியும் நேரத்தில், மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி சபாநாயகர் வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவார். இதற்கு அங்கே கில்லட்டின் என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலையை வெட்டிய கருவியின் பெயர்தான். வெட்டுப்படுவது இங்கே விவாதம்.

2018இல் மூட்டைக்கு வெளியே ஒரு கோரிக்கை கூட நிற்கவில்லை. எல்லாமே விவாதமில்லாமல் நிறைவேறின. 2023 மார்ச் 23 அன்று மறுபடியும் அதே கதை. இரு தரப்பும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அவையில், சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கான அனுமதி சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஆளுங்கட்சி மேல் குற்றமா, எதிர்க்கட்சி மேல் குற்றமா என்று என்னைக் கேட்டால், அந்த வழக்குக்குள் நான் போக விரும்பவில்லை. அவையில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் அந்தப் புத்தகம் இருந்தது. அதுதான் என் கவலை.

சரி, அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு திட்டத்தின் பெயருக்கும் எதிரே நான்கு பத்தி எண்கள் இருக்கும். முந்தின ஆண்டின் முந்தின ஆண்டு உண்மையில் செலவானது, போன ஆண்டு பட்ஜெட்டில் சொன்னது, அதே ஆண்டுக்குத் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்குக் கேட்பது. கணக்கு தெரிந்தவர்களின் கண் இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் நடுவில்தான் போய் நிற்கும். சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரம் அங்கே இருக்கிறது.

ஜல் ஜீவன் திட்டத்தைப் பாருங்கள். கிராமத்து வீடுகளுக்கெல்லாம் குழாயில் தண்ணீர் கொடுப்பதற்காக 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த திட்டம். 2024க்குள் முடிப்பதாகச் சொன்னார்கள், பிறகு 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். 2024-25 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது ஏறத்தாழ 70,163 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாக இறங்கியது. அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் 67,000 கோடி என்று போட்டார்கள். 70 ஆயிரம், 22 ஆயிரம், 67 ஆயிரம். நடுவில் காணாமல் போன தொகை 47 ஆயிரம் கோடிக்கு மேல். 788 உறுப்பினர்களுக்கும் பன்னிரண்டு ஆண்டுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி கொடுக்கலாம், அவ்வளவு பணம்.

இதைக் கண்டதும் ஊழல் என்று குதிக்க வேண்டாம். செலவாகாத பணம் திருட்டுப் போன பணம் அல்ல. திட்டத்துக்கு அடுத்த கட்ட ஒப்புதல் தாமதமாகலாம், வேலையின் தரம் சரியில்லை என்று நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி போடுகிறது. ஒரு பாதி நின்றால் குழி தோண்டிய தெரு அப்படியே கிடக்கும், குழாய் பதித்தவருக்குப் பில் தொகை வராது, வீட்டு வாசலில் நட்ட குழாயில் காற்றுதான் வரும். இருபத்து மூவாயிரம் கூடச் செலவழிக்க முடியாத ஆண்டுக்கு அடுத்த ஆண்டே எந்தத் தைரியத்தில் அறுபத்து ஏழாயிரம் கேட்கிறீர்கள் என்று அவையில் எழுந்து கேட்க வேண்டியது உங்கள் உறுப்பினரின் வேலை. இதற்கு நிதித்துறைப் படிப்பு எதுவும் வேண்டாம். வீட்டுக் கணக்கு எழுதுகிற யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

நான் வேலையில் இருந்தபோது மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பத்து மாதம் அசையாத கோப்புகள் மார்ச் கடைசி வாரத்தில் ஓட ஆரம்பிக்கும். மேசை மேல் பில்கள் மலைபோலக் குவியும். 31ஆம் தேதி இரவு வெகுநேரம் வரை விளக்கு எரியும். அன்றைக்குள் செலவழிக்காத பணம் காலாவதி ஆகிவிடும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும் என்ற பயம். அந்த அவசரத்தில் வாங்கிய பொருள்களில் சில, பெட்டி பிரிக்காமலே ஆண்டுக் கணக்கில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசி மூன்று மாதத்தில் 33 விழுக்காட்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது, மார்ச்சில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று நிதி அமைச்சகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. கட்டுப்பாடு இருந்தால் போதுமா, அதைப் பிடித்துக் கேள்வி கேட்க ஆள் வேண்டாமா?

இன்னொன்று. 2025-26இல் வட்டிக்கு மட்டும் 12 லட்சத்து 76 ஆயிரம் கோடி. மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கு. இந்தத் தொகை மக்களவையின் வாக்குக்கே வராது. குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் சம்பளம் போல, கடனுக்கான வட்டியும் தொகுப்பு நிதியின் மேல் நேராகச் சுமத்தும் செலவு. பேசலாம், வாக்களிக்க முடியாது. அப்படி இருப்பதும் நியாயம்தான், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டாமல் இருக்க முடியாது. கடன் வாங்கும் ஆண்டில் அவை தூங்கிவிட்டால் அடுத்த தலைமுறை உறுப்பினருக்குக் கேள்வி கேட்கிற உரிமை மட்டும்தான் மிச்சம். அதனால்தான் சொல்கிறேன், பற்றாக்குறை பற்றிய விவாதம் பொருளாதாரப் பேராசிரியர்களுக்கு மட்டும் உரியது என்று உறுப்பினர்கள் ஒதுங்கக் கூடாது.

ஓர் உறுப்பினர் தனியாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். 1957 டிசம்பரில் ஒருவர் செய்தார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாலிசிதாரர் பணத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ரூபாயை, முந்த்ரா என்கிற வியாபாரியின் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிகளின் பங்குகளில் போட்டுவிட்டார்கள். அதை மக்களவையில் எழுப்பியவர் பெரோஸ் காந்தி. ரேபரேலி உறுப்பினர், ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நிதி அமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பெரோஸ் காந்தி தேதியும் தொகையும் பங்கு விலையுமாக எடுத்து வைத்தார். நீதிபதி சாக்ளா தலைமையில் பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் பதவி விலகினார். டி.டி.கே. மேல் மதிப்பு வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். அவர் பதவி விலகியதை அப்பா வருத்தத்தோடுதான் சொல்லுவார். ஆனாலும், “கணக்கு கேட்டது தப்பில்லை” என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளுவார்.

இன்றைக்கு அப்படி ஒருவர் எழுந்து நிற்க முடியுமா? 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது. கொள்கையே பிடிக்கவில்லை என்றால் ஒதுக்கீட்டை ஒரு ரூபாயாகக் குறை என்று கேட்கலாம், ஒரு குறையை எடுத்துக்காட்ட நூறு ரூபாய் குறை என்று கேட்கலாம். அது நிறைவேறினால் அரசாங்கமே ஆட்டம் காணும் என்பதால், ஆளுங்கட்சி உறுப்பினர் கை தூக்க மாட்டார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் கட்டிப் போட்டது வாக்கை. கேள்வி கேட்பதற்கு அதில் தடை இல்லை. அதிலும் நிலைக்குழுவில் கொறடா உத்தரவு கிடையாது.

நிலைக்குழு என்பது, அமைச்சகங்களின் வேலையைத் துறை துறையாகப் பார்க்க 1993இல் வந்த ஏற்பாடு. இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. பிப்ரவரியில் பட்ஜெட் தாக்கலானதும் அவை சில வாரம் இடைவேளை விடுகிறதே, அது உறுப்பினர்கள் தொகுதிக்குப் போய் ஓய்வெடுக்க விட்ட விடுமுறை என்று நினைக்காதீர்கள். அந்த நாட்களில்தான் இந்தக் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை வரி வரியாகப் பார்க்க வேண்டும், செயலாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேமரா இல்லாத அறை என்பதால் அங்கே கூச்சல் குறைவு, வேலை அதிகம். செலவான பிறகு பார்க்க 22 பேர் கொண்ட பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. 1967 முதல் அதற்கு எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர், நல்ல மரபு. ஆனால் அது போன பணத்தின் கணக்கு. போகும் முன்னே பிடிக்கக்கூடிய இடம் நிலைக்குழு.

நிலைக்குழு அறிக்கையின் கடைசியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைச் சேர்த்திருப்பார்கள். எந்தத் தேதியில் எந்த உறுப்பினர் வந்திருந்தார் என்று பெயர் பெயராக இருக்கும். நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம், காசு கிடையாது. உங்கள் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார், பட்ஜெட் இடைவேளையில் எத்தனை கூட்டத்துக்குப் போனார் என்று கல்லூரியில் படிக்கிற உங்கள் பிள்ளையைத் தேடிச் சொல்லச் சொல்லுங்கள், அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

தொகுதி மேம்பாட்டு நிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்துவிட்டது. என் மனசில் மட்டும் ஒரு உறுத்தல் இன்னும் இருக்கிறது. செலவைக் கண்காணிக்க வேண்டியவர் கையிலேயே செலவுக்கும் ஒரு பையைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பை சின்னதுதான். ஆனால் அவருடைய நேரம் முழுவதையும் நம்முடைய கேள்வி முழுவதையும் அது எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு நிழற்குடையில் பார்த்த அந்தப் பெரியவர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, நிழற்குடையோடு சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள். குழாய்த் தண்ணீருக்கு ஒதுக்கிய பணம் எழுபதாயிரம் கோடியிலிருந்து இருபத்து மூவாயிரம் கோடியாக இறங்கிய ஆண்டில், நீங்கள் அவையிலோ குழுவிலோ வாய் திறந்தீர்களா, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது? பதிலை எழுத்தில் கேளுங்கள்.

வணக்கம்.