ஒரு கழுத்துக்கு ரெண்டு தாலியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிக்கறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

கலிபோர்னியாவுல லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகம். அங்க கம்போடிய மாணவர் சங்கம் இருக்கு. பெரிய பட்டமளிப்பு விழா போக, கம்போடியப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு பண்பாட்டுப் பட்டமளிப்பும் நடக்குது. அது தேவையா, வீணா? தேவைங்கறது எங்க அணி. எதிரணி நண்பர் எழுந்தாரு, "ஒரு கழுத்துக்கு ரெண்டு தாலியா?"ன்னு கேட்டாரு, கைதட்டலை அள்ளிட்டுப் போயிட்டாரு.

ஐயா, கல்யாணப் பேச்சை எடுத்தது நீங்க. கெமர், அதாவது கம்போடியக் கல்யாணத்துல சடங்குக்குச் சடங்கு உடை மாறும். அந்த உடையைக் கட்டிப் பாருங்க, தெரியும்! சம்போத் சோங் க்பென். ஏறக்குறைய மூணு மீட்டர் துணி. முதுகுப் பக்கமா சுத்தி ரெண்டு நுனியையும் முன்னால கொண்டுவந்து இறுக்கி முடியணும். மிச்சத்தை ஒண்ணாச் சுருட்டி, காலுக்கு நடுவுல விட்டு, பின்னால இடுப்புல சொருகணும். மேல உலோக ஒட்டியாணம். நம்ம பஞ்சகச்சத்துக்குப் பங்காளி மாதிரி இருக்கும்.

பட்டு வழுக்கும். முதல் முடிச்சு தளர்ந்தா ஒட்டியாணத்தால காப்பாத்த முடியாது. இன்னொண்ணு, காலைச் சேர்த்து வெச்சு நின்னு கட்டிட்டா, நிக்கலாம், படியேற முடியாது. ஒரு பையன் அப்படிக் கட்டிட்டு மேடைக்கு வர்றான்னு வைங்க. முதல் படி, பின்னால இழுக்குது. ரெண்டாம் படி, சொருகல் பாதி வெளிய. மூணாம் படி, ஒரு கை தொப்பியில, மறு கை இடுப்புல! மேடையில ஒருத்தர் கை நீட்டிட்டு நிக்கிறாரு, குலுக்க இவன்கிட்ட மூணாவது கை இல்லை! காலை அகட்டி, முழங்காலை லேசா மடக்கி நின்னு கட்டுடான்னு சொல்லிக் குடுக்கற ஆள் பெரிய விழாவுல யாரு இருக்கா?

ரொபாம் ஜூன் போர்னு ஆசி நடனம் இருக்கு. தங்கக் கிண்ணத்துலேர்ந்து பூவிதழ் எடுத்துச் சபை மேல தூவுவாங்க. அந்தச் செவ்வியல் உடையை மாட்டிக்கறதில்லை. ஆள் மேல வெச்சே ஊசி நூலால தைக்கறாங்க. அதுக்கே மணிக்கணக்கு ஆகும். விழா தாமதமானா, தைச்ச உடையோட அந்தப் பொண்ணுங்க சாய்ஞ்சு உக்காரக்கூட முடியாது.

அப்புறம் பேரு. கெமர் எழுத்து பல்லவர் எழுத்து வழியில வந்தது. 'ஙப்போல் வளை'ன்னு ஔவை சொன்ன ங அங்கயும் உண்டு. 'எளிது'ங்கற சொல்லே அவங்களுக்கு ங-வுல தொடங்குது. வரிசையா ஆயிரம் பேரை வாசிக்கறவங்க வாயில அது எளிதா வருமா?

கழுத்துன்னு சொன்னீங்களே, அதுக்கு வர்றேன்.

1950, 60-கள்ல அங்க படிக்க வந்த கம்போடிய மாணவர்கள்தான் லாங் பீச்சுல அந்தச் சமூகத்துக்கு விதை. அதுக்கப்புறம் 1975 ஏப்ரல் 17, கெமர் ரூஜ் படை கம்போடியத் தலைநகர் புனோம் பென்னைப் பிடிச்ச நாள். அந்தக் கொடுங்கோல் ஆட்சியைக் கம்போடியர்கள் நாள் எண்ணிச் சொல்வாங்க: மூணு வருஷம், எட்டு மாசம், இருபது நாள். படிச்சவன்னு தெரிஞ்சா உயிர் போகும். புனோம் பென்ல துவோல் ஸ்லெங் சிறைச்சாலை அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் ஐயா! எழுதப் படிக்கத் தெரியும்கறதை மறைச்சு, மறைச்சு உயிர் பிழைச்சவங்க அவங்க.

அப்படி மறைச்சுப் பிழைச்ச ஒரு பாட்டி, பேத்தி பட்டம் வாங்கற மேடைக்கு ஏறி வர்றாங்க. பட்டத் துண்டைப் பேத்தி தானா போட்டுக்கல, பாட்டி கையால கழுத்துல விழுது. பேத்தி கை கூப்பறா. பெத்தவங்களுக்கும் தாத்தா பாட்டிக்கும் கூப்பின கை மூக்கு உயரத்துக்கு வரணும். வருது. இவ படிச்சவன்னு அத்தனை பேர் முன்னால கெமர் மொழியில சத்தமாச் சொல்றாங்க. பாட்டிக்குப் புரியற மொழியில!

எதிரணி நண்பர் ஒருதரம் அந்த மேடைக்குப் போகட்டும். அந்தக் கழுத்தைக் காட்டி, ரெண்டாவது எதுக்கும்மான்னு பாட்டிகிட்ட கேட்டுட்டு வரட்டும். நான் உக்கார்றேன். வணக்கம்.