கால் ஏக்கர் கிரகரி

நுவரெலியா போனவர்கள் கிரகரி வாவியைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். கொழும்பு நூதனசாலைக்கு முன்னால் சிலையாக நிற்பவரும் அதே வில்லியம் கிரகரிதான், 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். குளங்களைத் திருத்தினார், நூதனசாலையைக் கட்டினார், நல்ல பெயரோடு போனார். சரி, அது நமக்குத் தெரிந்த கிரகரி. அயர்லாந்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும்.

அவர் கால்வே மாவட்டத்து நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளை. 1842இல், 25 வயதில், டப்ளின் நகரத்தின் உறுப்பினராக லண்டன் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார். மூன்று வருடத்தில் அயர்லாந்து ஏழைகளின் அன்றாட உணவான உருளைக்கிழங்கு நோய் வந்து அழுகத் தொடங்கியது. பஞ்சம் முடிவதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். 1847இல் ஏழைகள் நிவாரணச் சட்டத்தைத் திருத்தும்போது கிரகரி எழுந்து ஒரு சின்னப் பிரிவைச் சேர்க்கச் சொன்னார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு நிவாரணம் கிடையாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும், நிலம் இருக்கிறவனுக்கு எதற்கு இலவசக் கஞ்சி என்று நம்மில் பலர் இன்றும் கேட்போமே.

ஆனால் அந்த நிலம் அவனுடையது இல்லை, குத்தகை நிலம். அதில் விளைந்ததும் அழுகிப்போயிற்று. பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக் கொடுக்க வேண்டும், விட்டுக் கொடுத்தால் பஞ்சம் போனபிறகு திரும்பி வந்து உழ ஒரு பிடி மண் இருக்காது. இன்னொரு கணக்கும் பின்னால் இருந்தது. நான்கு பவுண்டும் அதற்குக் குறைவாகவும் மதிப்பிட்ட குத்தகைகளுக்கு ஏழை வரியை, அதாவது நிவாரணச் செலவுக்கான வரியை, நிலச்சுவான்தாரே கட்ட வேண்டும், ஆகவே சின்னக் குடியானவன் போய்த் தொலைந்தால் அவருக்கு லாபம். வீடும் இல்லாமல் போனால் திரும்பி வரமாட்டான் அல்லவா, கூரையையே பிரித்துப் போட்டார்கள். வெளியேற்ற வழக்குப் போடும் சிரமத்தை இந்தப் பிரிவு பல இடங்களில் மிச்சப்படுத்தியது.

இதில் என்னைக் குடைவது ஒன்று. அதே 1847இல் கிரகரியின் அப்பா, குடியானவர்களுக்கு உதவப் போன இடத்தில் பஞ்சக் காய்ச்சல் தொற்றி இறந்தார். மகன் கொடியவன் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்கும் சுலபம்தான், ஆனால் குடும்பக் கதை அப்படி இல்லை. அதற்காகச் சட்டத்தின் வேலையை மறைக்கவும் முடியாது.

அந்த வருடத் தேர்தலில் டப்ளினில் தோற்றார். அப்புறம் குதிரைப் பந்தயக் கடனில் மூழ்கி, சொந்த நிலத்திலேயே பெரும்பகுதியை விற்றார். 1857இல் மறுபடி நின்றார், இந்த முறை கால்வே மாவட்டத்தில், அதாவது தன் குடியானவர்கள் ஊரில், ஜெயித்து 15 வருடம் உறுப்பினராக இருந்தார். எப்படி என்று கேட்கிறீர்களா? அன்றைக்கு வாக்குரிமை கொஞ்சம் பேருக்குத்தான், அதையும் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் போட வேண்டும். ரகசிய வாக்கு வந்தது 1872இல், அவர் இலங்கைக்கு வந்த அதே வருடம்.