நிலையும் நீச்சும்

அவையில் கூடியிருக்கும் பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துச் செல்லும் தாத்தா பாட்டிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கால் ஊன்றக்கூடிய ஆழத்தை 'நிலை' என்றும், கால் எட்டாத ஆழத்தை 'நீச்சு' என்றும் தமிழில் பிரித்துச் சொல்வதுண்டு. நிலையிலிருந்து நீச்சுக்குக் குழந்தை தானாக விரும்பி நகரும்வரை உடனிருப்பதே நம் வேலை. கையையும் காலையும் அடிக்கும் முறை பிறகு வரும் சங்கதி.

"தள்ளிவிட்டால் தானாக நீந்துவான்" என்ற பேச்சை இங்கே சிங்கப்பூரிலும் குளக்கரைகளில் கேட்கிறேன். கிணற்றில் தள்ளிவிடப்பட்டு நீந்தக் கற்றவர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படித் தள்ளப்பட்டதாலேயே தண்ணீர்ப் பக்கம் போகாதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. என் மகளுக்கு ஐந்து வயதானபோது, முதல் பயிற்றுநர் முன்னறிவிப்பின்றி அவள் தலையை ஒருமுறை அமிழ்த்திவிட்டார். அதன்பின் மூன்று வாரங்கள் அவள் குளத்தின் படியைவிட்டு இறங்கவில்லை.

அவளை மீட்டது ஒரு கோப்பை மைலோ. சூடான மைலோவை ஊதி ஆற்றுவதுபோல் தண்ணீரை ஊதச் சொன்னேன். முதலில் உதடு நனைந்தது, பிறகு மூக்கு நனைந்தது, குமிழிகளைக் கண்டு சிரிப்பும் வந்தது. பயந்த குழந்தை மூச்சை இறுக அடக்கிக்கொண்டு தலையை மேலே தூக்குகிறது. தலை உயர்ந்தால் கால்கள் தாழும், தாழ்ந்தால் பயம் கூடும். நீருக்குள் மூச்சை விடவும், காது நனையும்படி மல்லாந்து கிடக்கவும் பழகிவிட்டால் இந்தச் சுழல் அறுந்துவிடுகிறது.

நடுங்குகிற குழந்தையெல்லாம் பயந்த குழந்தை அல்ல. தண்ணீர் உடற்சூட்டைக் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உறிஞ்சுவதால், நம் வெயிலிலும் மெலிந்த பிள்ளைகள் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறார்கள். உதடு நீலம் பாரித்தால் துண்டைப் போர்த்திக் கரையேற்றுங்கள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

2010-இல் தொடங்கிய, சிங்கப்பூரின் தேசிய நீச்சல் பயிற்சித் திட்டமான சுவிம்சேஃபரில் ஆறு படிநிலைகள் உள்ளன. கடைசி மூன்றும் வெண்கலம், வெள்ளி, தங்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வெண்கலம் வாங்கிவிட்டான் என்பதற்காக நம் பிள்ளையை விரட்ட வேண்டியதில்லை. காற்றடைத்த கைப்பட்டைகளையும் நான் விரும்புவதில்லை. அவை குழந்தையை நிமிர்ந்த நிலையிலேயே நிறுத்தி, தன்னால் மிதக்க முடியும் என்ற பொய்யான துணிச்சலைத் தருகின்றன. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை என்பதால், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, கைக்கு எட்டும் தொலைவில் நீரிலேயே நில்லுங்கள்.

மல்லாந்து மிதக்கப் பழக்குகையில் என் உள்ளங்கை அவள் பிடரியின்கீழ் இருந்தது. தெரியாமல் கையை எடுத்துவிடும் தந்திரத்தை நான் செய்யவில்லை. "மூன்று எண்ணும்வரை எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் எண்ணில் தவறாமல் திரும்ப வைத்தேன். நன்றாக மிதக்கிறாளே என்று நான்கு வரை நீட்ட ஆசை வந்தபோதும் நீட்டவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே கழிந்தன. பிறகு ஒரு நாள், வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தவள், "இன்னைக்குப் பத்து வரைக்கும் எண்ணுங்க அப்பா" என்றாள்.