ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்டின் கிணற்றடிப் பலகை

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரு பழைய புகைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை, அதனால் அதில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம், டாட்ஜ் சிட்டி. 1870களின் கடைசியில் எடுத்த படம். ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் என்ற கடைத்தெரு. அகலமான மண் தெரு, ஓரமாக வரிசையாய் மரக்கடைகள். முன்னால் ஒரு கிணறு. அதன்மேல் ஒரு பலகை: 'துப்பாக்கி வைத்திருக்கக் கண்டிப்பாகத் தடை.' அதே இடத்தில், பிரிக்லி ஆஷ் பிட்டர்ஸ் என்ற கசப்பு மருந்தைக் குடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு விளம்பரம்!

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அந்தப் பலகைதான். டாட்ஜ் சிட்டி என்றாலே துப்பாக்கிச் சண்டை என்று சினிமா நம் மனதில் பதியவைத்துவிட்டது. ஆனால் அது முதலில் ஒரு வியாபார ஊர். பக்கத்து ராணுவக் கோட்டையின் எல்லைக்குள் மது விற்கக் கூடாது. அதனால் 1872ல் ஒருவர் 5 மைல் தள்ளிப்போய், புல்மண் கட்டிகளை இரண்டு குவியலாக அடுக்கி, குறுக்கே ஒரு பலகையைப் போட்டு விஸ்கி விற்றார். ஊர் பிறந்தது அப்படித்தான். அதே ஆண்டு ரயிலும் வந்தது. முதலில் காட்டெருமைத் தோல் மலைமலையாகக் குவிந்து ரயிலேறியது. சில ஆண்டுகளில் அந்த மந்தைகளே அழிந்துபோயின; அதை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது. அப்புறம் டெக்சாஸிலிருந்து மாடுகள் வந்தன.

மாடு ஓட்டி வந்தவர்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் புழுதியிலும் கிடந்தவர்கள். கூலி கைக்கு வந்ததும் தொப்பி, பூட்ஸ், சாராயம் என்று செலவழிப்பார்கள். கடைக்காரர்களுக்கு அந்தப் பணம் வேண்டும், துப்பாக்கிச் சத்தம் வேண்டாம். நகரசபையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலரும் வியாபாரிகள். அதனால்தான் அந்தச் சட்டம்: ஊருக்குள் வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும், கிளம்பும்போது வாங்கிக்கொள்ளலாம். வீரம் எல்லாம் ஊருக்கு வெளியே! எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வயாட் எர்ப் போன்ற காவலர்களுக்கு அங்கே வேலை இருக்கத்தான் செய்தது.

1885ல் டெக்சாஸ் மாடுகள் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புகின்றன என்று கன்சாஸ் தன் கதவை அடைத்தது. அதே ஆண்டு ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்டின் மரக்கடைகள் பலவும் தீயில் போயின. இப்போது அங்கே சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது பிற்காலத்தில் கட்டிய மாதிரித் தெரு. இந்தப் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பெரிதாக்கி, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள்.