சட்டையில் எழுதிய பெயர்

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் போனை மடியில் மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

சூதாட்டத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் பாட்டி ஃபாஃபி என்ற எண் சூதாட்டம் ஆடியவள். கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், பிணம் வந்தால் வேறோர் எண். 36 எண்களில் ஒன்றைப் பிடித்துக் காசைத் துணியில் முடிந்து அனுப்புவாள். கிரேவில் குதிரைப் பந்தயத்தை எட்டிப்பார்க்காத குடும்பமும் டர்பனில் குறைவு. ஆகவே நான் புனிதர் வேஷம் போடவில்லை.

ஆனால் பாட்டியின் ஃபாஃபி வேறு, கிரிக்கெட் வேறு. இன்று அப்படியா? கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தின் பெயருக்கு முன்னால் ஹாலிவுட்பெட்ஸ் என்ற பந்தயக் கம்பெனியின் பெயர். ரக்பி நடக்கும் கிங்ஸ் பார்க்குக்கும் அதே. கால்பந்து லீக், 2024 முதல் பெட்வே பிரீமியர்ஷிப்; பெட்வேயும் பந்தயக் கம்பெனிதான். எஸ்ஏ20 கிரிக்கெட்டுக்கு முன்னாலும் பெட்வேதான்.

நம் கிரிக்கெட் கேப்டனாக இருந்த ஹான்சி குரோனியே, சூதாட்டப் புகாரை விசாரித்த கிங் கமிஷன் முன்னால் 2000-இல் அழுததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். செஞ்சூரியன் டெஸ்டில் இன்னிங்ஸை விட்டுக்கொடுத்த விஷயத்தில் அவர் பந்தயக்காரனிடம் வாங்கியது கொஞ்சம் ரொக்கமும் ஒரு தோல் ஜாக்கெட்டும். நாக்பூரில் 20 ரன்னுக்குள் அவுட் ஆகும்படி தன் அணியின் கிப்ஸுக்கு 15,000 டாலர் பேசினார். கிப்ஸ் அன்று அடித்தது 74! அப்புறமும் நாம் திருந்தவில்லை. 2015 டி20 போட்டிகளில் பேரம் பேசிய முன்னாள் வீரர் குலாம் போடிக்கு 2019-இல் ஐந்தாண்டுச் சிறை.

அதெல்லாம் திருட்டுத்தனம், இப்போது லைசன்ஸ், வரி என்று எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்பார்கள். சரி. சந்தேகமான பந்தயத்தைப் பார்த்து முதலில் கூச்சல் போடுவதும் சில சமயம் அந்தக் கம்பெனிகள்தான், நஷ்டம் அவர்களுக்கல்லவா? ஆனால் பெரிய வெள்ளியன்று திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறோமே, அந்தத் திரௌபதியைப் பணயம் வைத்த ஆட்டமும் சபையில், பெரியவர்கள் முன்னால், முறைப்படி நடந்ததுதான்.

2023-24-இல் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக இந்நாட்டுச் சூதாட்டத் தொழிலின் கையில் நின்றது 5,900 கோடி ராண்ட். பாதிக்கு மேல் பந்தயத்தில் வந்தது, கேசினோவில் அல்ல. வேறு வார்த்தையில், நம்மவர்கள் தோற்ற பணம். அதில் ஒரு துண்டுதான் ஜெர்சியாகவும் விளம்பரப் பலகையாகவும் திரும்பி வருகிறது.

போன சீசனில் பேரனோடு கிங்ஸ்மீட் போனேன். வயது 19. நம்மூர் அணிக்காரன் ஒரு சிக்ஸர் அடித்தான்; பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். பேரன் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். “என்னடா?” என்றேன். “இந்த ஓவர் பத்து ரன்னுக்குள்ள முடியும்னு பந்தயம் போட்டிருந்தேன் தாத்தா.” இருபது ராண்ட், டீரூம் என்கிற மூலைக்கடையில் வாங்கிய பந்தய வவுச்சர். பணம் போனது எனக்குப் பெரிதில்லை. சொந்த அணி அடித்த சிக்ஸருக்கு அவனால் கை தட்ட முடியவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். நம் சாட்ஸ்வொர்த் பையன்களின் கால்பந்து அணிக்கு ஒரு பந்தயக் கம்பெனி இலவச ஜெர்சி தர முன்வந்திருக்கிறது. பாதிப் பேருக்கு 18 வயதே ஆகவில்லை. இப்போது போடும் சட்டை கிழிந்துவிட்டது, அதுவும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. நான் வேண்டாம் என்று கை தூக்கப் போகிறேன். சும்மா கை தூக்கினால், புதுச் சட்டை எங்கே என்று பையன்கள் கேட்பார்கள். ஆகவே ஐந்நூறு ராண்ட் இந்த உறையில் இருக்கிறது. உறையை வாசலில் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், நீங்களும் பார்த்துச் செய்யுங்கள்.