படத்துக்குப் பெயர் சொன்னால் பறவை தெரிந்துவிட்டதா?

வணக்கம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் சந்தேகம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை அனுப்பியது. நீளமான கடிதம், சாரத்தை மட்டும் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம்மூர்ப் பறவைகள் பற்றி விநாடி வினா நடத்தியிருக்கிறார். திரையில் படம் காட்டுவது, பிள்ளைகள் பெயர் சொல்வது. ஏறக்குறைய எல்லாருக்கும் நல்ல மதிப்பெண். பிறகு அதே பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போயிருக்கிறார். எதிரே நின்ற மடையானை, அதுதான் அந்தச் சின்னக் குளத்துக் கொக்கை, அதைக்கூட ஒருவரும் சொல்லவில்லையாம். "என் கேள்வித்தாளில் என்ன கோளாறு? எப்படிக் கேட்டால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம்? பறவைக் குரலை ஒலிக்கவிட்டும் சோதிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, பாதி பதிலை அந்த மடையானே சொல்லிவிடும். வரப்பில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கும்போது அது சேற்று நிறம். பக்கத்தில் போகும்வரை கண்ணில் படாது. எழுந்து பறந்தால் இறக்கை இரண்டும் வெள்ளைவெளேர். கூடு கட்டும் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும். ஒரே பறவைக்கு மூன்று தோற்றம், அதில் நீங்கள் திரையில் காட்டியது ஒன்று. ஆதார் அட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணக் கூட்டத்தில் ஆளைத் தேடினால் என்ன ஆகுமோ, அதுதான் ஏரிக்கரையில் ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கிற படங்களில் பெரும்பாலானவை அழகுக்காக எடுக்கப்பட்டவை. ஆண் பறவை, இனப்பெருக்கக் கால நிறம், பக்கவாட்டுத் தோற்றம், நல்ல வெயில். தூக்கணாங்குருவி என்று தேடினால் மஞ்சள் தலையோடு கூட்டில் தொங்கும் ஆண்தான் வரும். அந்த மஞ்சள் போன பிறகு ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி தவிட்டு நிறத்தில் இருக்கும், சட்டென்று பார்த்தால் ஊர்க்குருவி என்று நினைத்துவிடுவோம். ஆண்டின் பல மாதங்களுக்கு அது அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே கொஞ்ச நாளைக்குப் படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். பறவையின் செய்கையைக் கேளுங்கள். என்ன செய்கிறது, எங்கே, எந்த மாதத்தில், யாரோடு சேர்ந்து. "வரப்பில் மண்ணோடு மண்ணாக நின்ற ஒரு பறவை நாம் கிட்டே போனதும் எழும்பியது, பறக்கும்போது வெள்ளையாகத் தெரிந்தது, அது எது?" இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளை ஏரிக்கரையில் திணறாது.

குயிலை வைத்து ஒரு கேள்வித் தொடரே அமைக்கலாம். முதல் கேள்வி: கோடைக் காலத்து விடியற்காலையில் உரக்கக் கூவுவது ஆணா, பெண்ணா? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண் என்பார்கள். பாட்டெழுதுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து குயிலைப் பெண்ணாக்கி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கூவுவது ஆண், பளபளக்கும் கறுப்பு உடம்பும் சிவப்புக் கண்ணும் உள்ளது. பெண்குயில் பழுப்பு, உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி. அது 'கிக் கிக் கிக்' என்று கத்துமே தவிர அந்த இசை அதனிடம் இல்லை.

அடுத்த கேள்வி: குயில் யார் கூட்டில் முட்டையிடும்? காகம் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கே நின்றுவிடாதீர்கள். "அப்படியானால் குயில் முட்டையிடும் மாதங்களை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேளுங்கள். காகம் சுள்ளி தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் போதும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். காகம் கூடு கட்டாத காலத்தில் குயிலுக்கு முட்டையிட இடம் கிடைப்பது அரிது.

அதற்கும் அடுத்தது: செம்போத்தும் குயில் குடும்பம்தான், அதன் முட்டையை யார் அடைகாப்பார்கள்? மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே காகம் என்று எழுதும். செம்போத்து தானே புதருக்குள் பெரிய கூடு கட்டித் தன் முட்டையைத் தானே அடைகாக்கும். அதே குடும்பத்தில் அக்காக்குருவி காகத்திடம் போவதில்லை, தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையை வைத்துவிடும். இந்த மூன்று பறவைகளையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை எத்தனை படங்களுக்குப் பெயர் சொல்கிறது என்பது எனக்கு முக்கியமே இல்லை.

அடுத்து உங்கள் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன? பெரியவர்களிடம் கேட்டாலும் சைபீரியா என்பார்கள், ஆஸ்திரேலியா என்பார்கள். கேள்வியிலேயே ஒரு பொறி இருக்கிறது. அங்கே கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். மழை பெய்து ஏரி நிறைந்தால் வரும், தண்ணீர் வற்றினால் வேறு நீர்நிலை தேடிப் போகும். உண்மையிலேயே வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிற ஊசிவால் வாத்து போன்றவை இங்கே முட்டையிடுவதில்லை. அவற்றின் இனப்பெருக்கம் அங்கே, வடக்கத்துக் கோடையில். இங்கே வருவது இரைக்காகவும் இதமான பருவத்துக்காகவும். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்தும் அப்படித்தான். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. ஆக, "இந்தப் பறவை வலசை வந்ததா?" என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை "கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் சொன்னால், சரியான வழியில் யோசிக்கிறது என்று பொருள்.

வேடந்தாங்கலைப் பற்றி இன்னும் ஒன்று கேட்கலாம். ஊர்க்காரர்கள் ஏன் அந்தப் பறவைகளைச் சுடவிடாமல் காத்தார்கள்? 1798இலேயே, லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, ஊரார் கேட்டுப் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவையின் பழக்கத்தை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் எந்தப் பறவைக்கும் படம் பார்த்துப் பெயர் சொல்லிக் கற்றவர்கள் அல்லர். அங்கே போகும்போது நத்தைகுத்தி நாரையின் அலகையும் பார்க்கச் சொல்லுங்கள். மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்குமா என்று கேளுங்கள். இருக்காது, வளர வளரத்தான் வரும்.

வேறு சில கேள்விகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை பனை உழவாரனா, தகைவிலானா? தகைவிலான். உழவாரனின் கால் கம்பியில் உட்காரத் தோதானது அல்ல. அது பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் கூட்டை ஒட்டி, அங்கேயே தொற்றிக்கொள்ளும். பனையே இல்லாத ஊர் என்றால் இந்தப் பறவையை எதிர்பார்க்கவும் வேண்டாம். தண்ணீரே இல்லாத கல்லூரி மைதானத்தில் மீன்கொத்தி என்ன செய்கிறது? வெண்மார்பு மீன்கொத்தி ஓணான், வெட்டுக்கிளி எது கிடைத்தாலும் தின்னும். தரையில் நடந்தபடி நீண்ட அலகால் மண்ணைக் குத்துகிற, கொண்டை உள்ள பறவை மரங்கொத்தியா? இல்லை, கொண்டலாத்தி. பத்திரிகைகளில்கூட இந்தப் பெயர் மாறாட்டத்தைப் பார்க்கிறேன். மரங்கொத்தி வாலை முட்டுக்கொடுத்து அடிமரத்தில் செங்குத்தாக நிற்கும்.

வாலாட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மாணவரையும் மிக நல்ல மாணவரையும் பிரித்துக்காட்டும் கேள்வி அது. ஜூன் மாதத்தில் பாலாற்று மணலில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டி எது? மாதத்தைக் கவனிக்காதவர் எந்த வாலாட்டி பெயரையாவது எழுதுவார். ஜூனில் இங்கே இருப்பது வெண்புருவ வாலாட்டி ஒன்றுதான். மற்றவை குளிர்கால விருந்தாளிகள், அப்போது ஊர் திரும்பியிருக்கும். குளிர்காலத்தில் தோப்பு நிழலில் உடம்பின் பின்பாதியோடு வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் ஒன்றைப் பார்த்தால் அது கொடிக்கால் வாலாட்டி. நிறமே தெரியாத தூரத்திலும் இந்த ஆட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

உங்கள் கேள்வித்தாளில் இருவாச்சி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். வால்பாறைப் பிள்ளைகளிடம் கேட்டால் அது அருமையான கேள்வி. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்வதும் ஆண் சின்னச் சந்து வழியாகப் பழம் ஊட்டுவதும் அவர்கள் மரத்தடியில் போய்ப் பார்க்கக்கூடியவை. செங்கல்பட்டுப் பிள்ளைக்கு அது வெறும் பொது அறிவு. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது என்ற கேள்வியும் அப்படியே. மரகதப்புறா என்று எல்லாரும் எழுதுவார்கள். அது காட்டு நிழலில், தரையில் உதிர்ந்த பழம் பொறுக்கும் கூச்சமான பறவை. விடை எழுதிய பிள்ளைகளில் அதைப் பார்த்தவர் எவரும் இருப்பார்களா என்பது சந்தேகம். அந்த இடத்தில் கரிச்சானைக் கேளுங்கள். எருமை முதுகில் ஏன் உட்காருகிறது, தன்னைவிடப் பெரிய பருந்தை ஏன் துரத்துகிறது, அது கூடு கட்டிய மரத்திலேயே சாதுவான பறவைகளும் ஏன் கூடு கட்டுகின்றன. மூன்றுக்கும் விடை ஊரிலேயே கிடைக்கும்.

மதிப்பெண் போடுவதிலும் ஒரு மாற்றம் வேண்டும். பெயருக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு இரண்டு. "பருந்து, ஆனால் எந்தப் பருந்து என்று தெரியவில்லை, வால் நடுவில் பிளவுபட்டிருந்தது" என்று எழுதும் பிள்ளை கரும்பருந்தைப் பார்த்திருக்கிறது, பெயர்தான் கைவசம் இல்லை. பெயரை நீங்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பார்க்கும் பழக்கத்தை அப்படிக் கொடுக்க முடியாது. தப்பான நம்பிக்கைகளையும் கேள்வியாக்குங்கள். தூக்கணாங்குருவி மின்மினியைக் களிமண்ணில் ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றுகிறது என்று நம் ஊரில் எல்லாரும் சொல்கிறோம். கூட்டுக்குள் களிமண் பூச்சு இருப்பது உண்மை, விளக்குக்கு ஆதாரம் இல்லை. "இதை நிரூபிக்க என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் வரும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் தங்களையே சோதித்துக்கொள்ள விரும்பினால் படத்தையோ குரலையோ வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியைத் திறப்பதற்கு முன் உங்கள் விடையை நோட்டில் எழுதிவிடுங்கள். செயலி முதலில் சொல்லிவிட்டால் நாம் தலையாட்டுவதோடு சரி. எந்தப் பறவை எந்த மாதத்தில் உங்கள் மாவட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்பதை பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் வரைபடமாகவே பார்க்கலாம். முதலில் நீங்கள் ஊகியுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

கடைசியாகக் குரல். வகுப்பறைக்குள் ஒலிக்கவிடுங்கள், தாராளமாக. ஏரிக்கரையிலோ தோப்பிலோ வேண்டாம். ஒலிபெருக்கியில் வரும் குரலை வெளியில் இருக்கும் பறவை, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். இரை தேடுவதை விட்டுவிட்டு, சில சமயம் கூட்டையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். ஆள்காட்டி போலத் திறந்த தரையில் முட்டையிடும் பறவைக்கு அந்த நேரத்தில் காகம் ஒன்று வந்தால் போதும், முட்டை போய்விடும். வகுப்பில் நான்கு குரல்களோடு தொடங்குங்கள்: செம்போத்து, ஆள்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தி, கரிச்சான். இவை உங்கள் பள்ளியைச் சுற்றிக் கேட்கக்கூடியவைதான். தேர்வு டிசம்பரில் என்றால் ஆண்குயிலின் கூவலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்த மாதத்தில் அது பெரும்பாலும் கூவுவதில்லை. பிள்ளைகள் அதை வெளியில் போய்ச் சரிபார்க்க முடியாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் சிட்டுக்குருவிக்குக் கூட்டுப்பெட்டி எந்த உயரத்தில் மாட்டுவது என்று கேட்டிருக்கிறார். அதை அடுத்த காணொளியில் எடுத்துக்கொள்வோம்.